ஓட்டை ஆம்னி

“இந்தத் தகர டப்பாவ இன்னிக்கு லாரியில ஏத்தாம நான் நகர மாட்டேன், கௌலத்து.”

“ஏத்துவீங்க, ஏத்துவீங்க. மொதல்ல என்னைய ஏத்திட்டு அப்பறம் அத ஏத்துங்க.”

மொய்தீனும் கௌலத்தும் வாசலில் நின்று போட்ட சத்தத்தில், பெருமாட்டி பள்ளிவாசல் தெருவில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட டிவியின் ஒலியைக் குறைத்தார்கள். நேரில் நடப்பதை யார் விடுவார்கள்?

இருவருக்கும் நடுவே நின்றது அந்த வெள்ளை ஆம்னி வேன். கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குத் துணிமூட்டை சுமந்து, ஒரே மகளைப் பள்ளிக்கும் பிறகு காலேஜுக்கும் கொண்டுபோய் விட்டுத் தேய்ந்த வண்டி. பதிவு இந்த மாதத்தோடு முடிகிறது. பழுது பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் பழைய இரும்புதான். அதற்காகவே லாரியோடு வந்த இரும்புக்கடை ராக்கப்பன், இரண்டாவது பீடியையும் முடித்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ரஸியா, காய்ந்த துணியையே மறுபடியும் உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஏலப்பாறையிலிருந்து புதிதாகக் குடிவந்த மௌனிகா சுவரோரம் வந்தாள்.

“என்னக்கா, எப்பவும் இப்படித்தானா?”

“வண்டிப் பேச்சு வந்தா இப்படித்தான். பேசாம பாரு கண்ணு, இனிமேத்தான் இருக்குது.”

“கால வெச்சா ரோடு தெரியுது” என்றார் மொய்தீன். “போன தடவ ஓட்டறப்ப என்ற செருப்பே ஓட்டையில உளுந்து போச்சு.”

“செருப்புதான உளுந்துச்சு. நீங்க உளுகலையே.”

ரஸியா துணியால் வாயை மூடிக்கொண்டாள்.

“இஞ்சின் வேல, தகர வேல, பெயிண்ட்டு... இதுக்கு ஒரு யானைய வாங்கிக் கட்டலாம்.”

“கட்டுங்க. அதுகிட்டயாச்சும் கத்தாம பேசிப் பழகுங்க.”

ராக்கப்பனுக்குப் பொறுமை போயிற்று. கொக்கியை எடுத்து வேனின் முன்பக்கம் மாட்டினார். “ஏனுங்கம்மா, முடிவச் சொல்லுங்க.”

கௌலத் வண்டியைப் பார்த்தாள். குரல் இறங்கியது. “சரி. கொண்டு போங்க.”

மொய்தீன் ஜெயித்துவிட்டார் என்றுதான் தெரு நினைத்தது. அவர் முகமோ சந்தையில் பர்ஸைத் தொலைத்தவர் முகம்போல ஆனது.

“அதெப்புடி, சட்டுனு கொண்டு போன்னா? தகரம் மாத்துனா இன்னும் அஞ்சு வருசம் ஓடாதா?”

“இப்பத்தான டப்பான்னீங்க?”

“டப்பாதான். நல்ல டப்பா.”

“நீங்க மாத்தி மாத்திச் சொல்வீங்க, நான் தலையாட்டோணுமா? ராக்கப்பண்ணே, ஏத்துங்க.”

“தொட்டுப் பாக்கட்டும்” என்று மொய்தீன் வேன்மேல் சாய்ந்துகொண்டார்.

ராக்கப்பன் கொக்கியைக் கழற்றி லாரிக்குள் எறிந்தார். “போன வருசமும் இதே கூத்து. ரெண்டு பேரும் ஒரே வார்த்த சொல்ற அன்னிக்குக் கூப்புடுங்க.”

லாரி போனதும் வாசலில் அமைதி. தெருவுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

மொய்தீன் தொப்பியைச் சரிசெய்தார். “அப்ப நான் கெளம்பறேன். நாளைக்கு வந்து பேசிக்கலாம்.”

கௌலத் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். “எத்தன நாளைக்குங்க இப்புடியே பேசறது? வர்றப்ப ஜமாஅத் தலைவரையும் கூட்டிட்டு வாங்க. நெய்ச்சோறு ஆக்கி வெக்கறேன்.”

மொய்தீன் சிரித்ததை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

மௌனிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “நாளைக்கு வாராரா? இது அவரு வீடு இல்லையாக்கா?”

“இது கௌலத்தக்காளோட அண்ணன் ஊடு. அவிக ரெண்டு பேரும் தலாக் ஆகிப் பிரிஞ்சு ஏழு வருசமாச்சு. கடை, கட்டில், பாத்திரமெல்லாம் ஜமாஅத்துல பிரிச்சுக் குடுத்துட்டாங்க. வண்டிய மட்டும் அறுக்க முடியல. ரெண்டு பேரும் ஒத்து வந்தா எதையாச்சும் செய்யட்டும்னு உட்டுட்டாங்க.”

அடுத்த வெள்ளிக்கிழமை அதே மாப்பிள்ளைக்கும் அதே பெண்ணுக்கும் நிக்காஹ் நடந்து, கௌலத் கொழிஞ்சாம்பாறையில் இருந்த மொய்தீன் வீட்டுக்குக் குடிபோனாள். மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே ராக்கப்பனுக்கு போன் போட்டார்கள்: “வந்து அந்த ஆம்னிய எடுத்துட்டுப் போங்க.”