இரண்டாவது கோடு

"எவன்டா அந்த மூணாவது பெட்டிய எடுத்தது? அவன் கைய ஒடிக்கல, என் பேர மாத்தி வச்சுக்கறேன்!"

மேனேஜர் போட்ட கூச்சலில் மாடி ஜன்னலைத் திறந்து முதலாளியே எட்டிப் பார்த்தார்.

காணாமல் போனது, குளிர்பதனக் கிடங்கின் மிஷின் ரூமில் அம்மோனியா கசிந்தால் அலறுகிற சென்சார் பெட்டி. ஆனால் எங்கேயோ உயிரோடு இருக்கிறது. ஒயர்லெஸ்ஸில் சிக்னல் வந்துகொண்டே இருக்கிறது. 'புதுசெல்லாம் வாங்க முடியாது, தேடிப் பிடி' என்று முதலாளிதான் ஒரு டெக்னீசியன் பெண்ணை வரவழைத்திருந்தார்.

அவளுக்கும் உள்ளே கொதித்தது. சே! உயிரைக் காக்கிற பெட்டியைத் திருடுகிறவன் மனுஷனா?

கேட் அருகே நின்று ஆன்டெனாவை மெல்லத் திருப்பினாள். சிக்னல் தூக்கலாக வந்த திசையில், கிடங்கின் வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தாள். அது பின்பக்கக் குப்பைத்தொட்டி வரை போனது.

"பாத்தியா, குப்பையில போட்டுட்டானுங்க!" என்றார் மேனேஜர். "லாரி வந்து அள்ளிட்டுப் போயாச்சு. விடும்மா."

"லாரியில போயிருந்தா இங்க எப்படி சார் சிக்னல் வரும்? ஒரு கோட்டுல திசைதான் தெரியும். வேற இடத்துல நின்னு இன்னொண்ணு போட்டா, ரெண்டும் வெட்டிக்கிற இடத்துல பெட்டி இருக்கும்."

"வெயில்ல ஏம்மா அலையற? தொலைஞ்சுதுன்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பு."

"என் வேலைய என்னைப் பாக்க விடறீங்களா?"

விடவில்லை. மொட்டை மாடிக்கும் பின்னாலேயே வந்து, ஆன்டெனாவுக்கு நேராக மலை மாதிரி நின்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். ஆள் இவர்தான் என்று அவளுக்குப் பொறி தட்டியது.

"நகருங்க சார்!"

இரண்டாவது கோடு விழுந்தது. வெட்டிய இடம் குப்பைத்தொட்டி இல்லை. அதற்கு இந்தப் பக்கம், வேலைக்கு வரும் பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகிற அறை.

விடுவிடுவென்று இறங்கிப் போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே வரிசையாகத் தொட்டில்கள். சுவரில், பச்சை விளக்கு மினுக்க, அந்தப் பெட்டி.

"நீங்கதானே சார்? வெக்கமா இல்ல?"

மேனேஜர் கதவைச் சாத்தினார். கூச்சல் போட்ட தொண்டையா இது என்று இருந்தது.

"இந்தச் சுவருக்குப் பின்னாலதாம்மா அம்மோனியா குழாய் போகுது. இங்க ஒரு பெட்டி வைங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுது. 'சட்டத்துல இல்லாத செலவு'ன்னுட்டார் முதலாளி. மிஷின் ரூம்ல மூணு இருக்கணும்னு சட்டம் இருக்கு. அங்க ரெண்டு ஓடுது. ஒண்ணு தொலைஞ்சா வாங்கித்தானே ஆகணும்? நீ வந்து கோடு போட்டுப் பிடிப்பேன்னு நான் கண்டேனா?"

ஒரு குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. அவள் கோபம் தணியவில்லை. ஆள்தான் மாறியது.

வெளியே வந்தாள். கேட் அருகே முதலாளி நின்றிருந்தார். "என்னம்மா, ஆப்ட்டுதா?"

"இல்ல சார்," என்றாள் வெடுக்கென்று. "ரெண்டு கோடும் எங்கயுமே வெட்டிக்கல. புதுசு வாங்குங்க. இன்னிக்கே வாங்கணும், இல்லன்னா சட்டப்படி மிஷின ஓட்டக்கூடாது."

முதலாளி பல்லைக் கடித்தார். "என்னய்யா மேனேஜர், திருட்டுப் பயலுங்களையா வேலைக்கு வச்சிருக்க?"

மேனேஜர் மறுபடியும் கிடங்கே அதிரக் கத்தினார்.

"எவன்னு மட்டும் தெரியட்டும் முதலாளி, அவன் கைய ஒடிச்சுடறேன்!"