பெயர் மறைத்த தேர்வு

படூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி. டீம் லீடர் ஆனந்தன், வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் தேர்வில் எழுதிய புரோகிராம்களை, யாருடையது என்று பெயர் பார்க்காமல் திருத்திக்கொண்டிருந்தான்.

“இத எழுதினவங்களுக்குப் பத்து வருஷ அனுபவமாச்சும் இருக்கும். ஒரு தப்பாச்சும் கீதான்னு பாருங்க!”

“எட்டு வருஷமா வீட்லதான் சார் இருக்காங்க,” என்றாள் ஹெச்.ஆர். சுஜாதா. “குழந்தை பொறந்ததும் வேலைய விட்டாங்க. திரும்பப் போறேன்னதுக்கு, எல்லாம் மறந்திருக்கும்னு வீட்டுக்காரர் சிரிச்சாராம்.”

“சரியான முட்டாளா இருப்பான்! உடனே கூப்பிடுங்க, நானே இண்டர்வியூ பண்றேன். பேரு இன்னா?”

சுஜாதா தயங்கினாள்.

“உங்க மிஸஸ் திவ்யாதான் சார். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க.”

ஆனந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இண்டர்வியூவுக்கு வேற யாரையாச்சும் உக்கார வைங்க,” என்றான் மெல்ல. “எந்த மூஞ்சிய வெச்சிகினு நான் அவ எதிர்ல உக்காருவேன்?”