அதே டேலியா மேடை

“அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி என் கல்யாணத்துக்குப் போட்டீங்களே, அதே டேலியா மேடை வேணும். அச்சு அசலா!”

ஆல்பத்தை நீட்டியவளைப் பார்த்ததும் பூ அலங்காரக்காரியின் பார்வை பரண்மேல் போய்த் திரும்பியது.

“அது குளிர்காலப் பூம்மா. இந்த வெயில்ல எங்க கிடைக்கும்? போர்டைப் பாருங்க, ‘அந்தந்தப் பருவத்துப் பூ மட்டுமே’. கல்யாண நாள்தானே? சூரியகாந்தி வெச்சுத் தூள் கிளப்பிடறேன்.”

“கல்யாண நாள் இல்லீங்க. ஒரே ஒரு போட்டோ எடுக்கணும். பூ மாறினா குட்டு வெளிப்பட்டுடும்.”

“என்ன குட்டு?”

அவளுடன் வந்து, இதுவரை விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“நான் இவ அப்பா. காதல் கல்யாணம்னு முறுக்கிக்கிட்டு அன்னிக்கு வரல. இப்ப பேத்தி ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி, ‘தாத்தா எங்கே’ன்னு கேட்குறா. என்னன்னு சொல்றது? அந்த மேடையில நானும் நின்னு ஒரு படம் எடுத்து ஒட்டிட்டா...”

அவர் மூக்கை உறிஞ்சினார்.

அலங்காரக்காரி எழுந்து போய்க் கடைக்கதவைச் சாத்தினாள். பரண்மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். டேலியாக்கள் கொட்டின, வாடாமல், வதங்காமல், கொஞ்சம் தூசியோடு.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அன்னிக்கு மழையில வந்த லோடு அத்தனையும் அழுகிடுச்சு. மேடையில வெச்சது பூராவும் துணிப்பூ.”

மகள் வாயைப் பிளந்தாள். பெரியவர் முகத்திலோ ஐந்து வருஷமாகக் காணாத தெம்பு வந்தது.

“பார்த்தியா! நான் மட்டுந்தான் வரலன்னு திட்டிக்கிட்டிருந்தியே... பூவும்தான் வரல!”