கடவாப் பல்லு

"ஆட்டோவுலயா? அப்ப அமிர்தநாதன் வண்டியிலதான் போகோணும்."

அக்காவின் மாமியார் பாப்பாயி அத்தை கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

போச்சு. கணபதி ஏரியாவில் இத்தனை ஆட்டோ ஓடுது, அதேதானா கிடைத்தது?

அமிர்தநாதன் அண்ணன் வண்டியின் பின்னால் முழுநீளத்துக்கு ஒரே ஸ்டிக்கர். 'கருவில் இருப்பதும் உயிரே. கொல்லாதே!'

நாங்கள் போவது பல் பிடுங்க. அத்தையிடம் அப்படித்தான் சொல்லியிருந்தோம்.

நிஜம் வேறு. மோகனப்பிரியா அக்காவுக்கு ஒன்பதாவது வாரம். காப்பர் டி வைத்திருந்தும் உண்டாகிவிட்டாள். ஏற்கெனவே ரெண்டு பெண்கள், ரெண்டும் ஆபரேஷன். சின்னவளுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.

"இன்னொண்ணு என்ற உடம்பு தாங்காதுடீ" என்று அக்கா போனில் அழுதாள். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா கிடந்த நான் துணைக்கு வந்தேன்.

மதன் மாமனுக்கும் சம்மதம்தான். பல்வலி என்று யோசனை கொடுத்ததே அவர்தான். கொடுத்துவிட்டு லேத் பட்டறைக்கு ஓடிவிட்டார்.

அத்தைக்கோ சந்தேகம். அக்கா வாந்தி எடுத்ததைப் பார்த்துவிட்டார்கள். மூன்றாவதாகப் பிறப்பது பேரன்தான் என்று ஜோசியர் வேறு சொல்லிவைத்திருக்கிறார்.

"பல்லுன்னு போயி வேற எதையாச்சும் புடுங்கிப்போட்டு வந்தீன்னா, அமிர்தநாதன் எங்கிட்டச் சொல்லிப்போடுவான். ஆமா!"

வண்டி கிளம்பியதுமே அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

"பேப்பர் பாத்தீங்களா அம்மணி? கருவைக் கலைக்க இருபது வாரம்ங்கறான், இருபத்துநாலு வாரம்ங்கறான். அதுக்கு மேலயும் கோர்ட்டுல போயிக் கேக்கறாங்களாமா. உசுருக்குப் போயி வாரக் கணக்குப் போடறதுங்களா?"

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். வாயை மூடு என்று அர்த்தம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"ஏனுங்ண்ணா, நீங்க பெத்திருக்கீங்களா?"

"நான் எங்கீங்க பெக்கறது! என்ற சம்சாரம் மூணு பெத்துது."

"மூணும் வேணுமான்னு அவங்களைக் கேட்டீங்களா?"

அண்ணன் ஹாரன் அடித்தார். முன்னால் வண்டியே இல்லை.

"சரி, கேக்கல. அதுக்காவ எல்லைக்கோடே வேண்டாங்கறியா கண்ணு? எட்டு மாசத்துல வந்து வேண்டாம்னா?"

"கோடு இருக்கட்டுங்ணா. சட்டம் போட்ட கோடு எங்கியோ இருபதாவது வாரத்துல கெடக்குது. எங்க ஊட்டுக் கோடு கேட்டுலயே இருக்குது. அதைத் தாண்டறதுக்குள்ள..."

இந்தத் தடவை அக்கா கிள்ளியதில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"பல்லு புடுங்கறதுக்குச் சொன்னேனுங்ணா" என்றேன்.

கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார்.

பல்லாஸ்பத்திரி வாசலில் இறங்கி, "நீங்க கெளம்புங்ணா" என்றோம்.

"இல்லீங்க. இருந்து கூட்டியாரச் சொல்லியிருக்காங்க."

முன்படியில் ஏறி, பின்படியில் இறங்கி, அடுத்த சந்தில் இருந்த பெண்கள் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அங்கே டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். அக்கா கையெழுத்து மட்டும் போதும் என்றார். மாமன் கையெழுத்தே வேண்டாமாம். அத்தை கையெழுத்தை யாரும் கேட்கவேயில்லை!

எல்லாம் முடிந்து அக்கா படுத்திருந்தபோது, அண்ணன் போய்விட்டாரா என்று எட்டிப் பார்க்கப் போனேன். வண்டியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கம்மா, பல்லாஸ்பத்திரி வாசல்லதான் நிக்கறேன். கண்ணை எடுக்கலீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சத்தமில்லாமல் வண்டிக்குப் பின்னால் போய் ஸ்டிக்கரை நகத்தால் கிழித்தேன். 'கொல்லாதே'யின் ஆச்சரியக்குறி கையோடு வந்தது. அதற்குள் அவர் இறங்கும் சத்தம். குறியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

சாயங்காலம் அதே ஆட்டோவில் வீடு வந்து இறங்கினால், கேட்டில் அத்தை.

"எங்க, வாயைத் தொற. பாக்கலாம்."

அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். முப்பத்திரண்டு பல்லும் உள்ளே பத்திரமாக இருந்தது. எத்தனையோ யோசித்த நாங்கள் இதை யோசிக்கவில்லை.

"தொறக்கக்கூடாதுங்கம்மா!"

அண்ணன் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இதை வண்டியிலயே உட்டுப்போட்டு வந்துட்டீங்களே அம்மணி."

நாங்கள் பஞ்சே வாங்கவில்லை. அக்கா அதை வாங்கி வாயில் அடைத்துக்கொண்டாள்.

"கடவாப் பல்லுங்கம்மா. வேரு ஆழமாப் போயிருந்துதாமா. நல்லாப் படுத்து ரெஸ்ட் எடுக்கோணும், கொடத்தைத் தூக்கக்கூடாது, பேசவும் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருங்க. நானே கேட்டேன்."

"பல்லுக்கா?"

"கடவாப் பல்லுங்க."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"செரி, உள்ள போயிப் படு. சர்ச்சுக்குப் போறவன், அவன் பொய் சொல்லமாட்டான்."

அவர்கள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"எப்பங்ணா தெரியும்?"

"வாரத்துக்கு ரெண்டு பேரைப் பல்லு புடுங்கக் கூட்டிப் போறேன் கண்ணு. அந்தப் பின்படி எனக்குத் தெரியாதா?"

"அப்ப உங்களுக்கு இதுல சம்மதமா?"

"இல்ல கண்ணு. இப்பவும் இல்ல. ஞாயித்துக்கெழமை முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டுக்குவேன். அதுக்காவ அந்தப் புள்ளை வயித்தைப் புடிச்சுக்கிட்டு டவுன் பஸ்ஸுல நின்னுட்டு வரோணுமா?"

"பின்ன எதுக்குங்ணா அந்த ஸ்டிக்கர்?"

"ஒட்டுனப்ப நெசமாத்தான் ஒட்டுனேன். இப்ப கிழிச்சா, உன்ற அத்தை மாதிரி ஆளுங்க உன்ற அக்கா மாதிரிப் புள்ளைகளை இந்த வண்டியில ஏத்தி உடுவாங்களா?"

"சித்தே நில்லுங்ணா!"

உள்ளே ஓடி ஃபெவிகாலை எடுத்து வந்தேன். பைக்குள் கசங்கிக் கிடந்த ஆச்சரியக்குறியைத் தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே அழுத்தி ஒட்டிப்போட்டேன்.