மஞ்சள் பூசிய காசோலை

பதுளை வங்கியின் ஸ்கேனர் அந்தக் காசோலையை மூன்றாவது முறையும் படிக்கவில்லை.

"நம்பர் மேலயே மஞ்சள் பூசியிருக்கீங்களேம்மா! செக்குக்குமா பூசை?" அலுவலர் ரமேஸ் சலித்துக்கொண்டார்.

"நான் பூசலைங்க சார். மக கல்யாணத்துக்குன்னு மொதலாளி குடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் பூனாகலையிலிருந்து வந்திருந்த ஜீவராணி.

மஞ்சளைத் துடைக்கத் துணியை எடுத்த ரமேஸ், எண் அழிந்துவிடுமோ என்று யோசித்து, வேறு காசோலை கேட்பதற்காக அந்த முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஓம் தம்பி, நான்தான் பூசினேன். நல்ல காரியத்துக்கு மஞ்சள் வைக்காம அவங்கட சனங்கள்ல எதையும் குடுக்க மாட்டாங்களே. பிழையாப் போச்சா?" என்று பதறினார் துணிக்கடை அலவி ஹாஜியார்.

ஸ்பீக்கரில் அதைக் கேட்ட ஜீவராணி, தொலைபேசியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

கையிலிருந்த துணியை ரமேஸ் கீழே வைத்தார்.

"ஒரு பிழையும் இல்லை ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு, எண்களை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே கணினியில் தட்டினார்.