பானைக்கால்

“மூணுன்னு சொல்லத் தெரியாத பிள்ளையை எப்படிம்மா ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்புறது? நீயே சொல்லு.”

ஸோலேகா டீச்சர் மரக்கட்டைகளை மேசைமேல் பரப்பினாள். தென்னாப்பிரிக்காவின் உம்தாட்டா நகரத்தின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட பாலர் பள்ளி அது. எதிரே புமேஸா தலைகுனிந்து நின்றாள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது லிதா. பள்ளியில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

“லிதா கண்ணு, இதை எண்ணு பார்க்கலாம்.”

குழந்தை புமேஸாவை நிமிர்ந்து பார்த்தது. அவள் தலையசைத்த பிறகு ஒவ்வொரு கட்டையாகத் தொட்டது.

“ஒண்ணு, ரெண்டு, பானைக்கால், நாலு, அஞ்சு.”

“கேட்டியா? நேத்து பூசணிக்காய் படத்தைக் காட்டுனா ‘தொப்பைக்காரி’ங்கறா. வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. அதுலேர்ந்து பிள்ளை வாயைத் திறக்கறதே இல்ல.”

புமேஸாவின் கை குழந்தையின் தலையைத் தடவியது.

“இது என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? மருமகப் பேச்சு. உன் மாமனார் பேர்ல ‘தா’ வரும், சரிதானே?”

அங்குள்ள கோசா இனத்தாரின் வீடுகளில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். அந்தப் பெயரின் முதல் ஓசையில் வேறு சொல்லின் வேர் தொடங்கினால் அந்தச் சொல்லையும் சொல்லமாட்டாள்; பதிலுக்குப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்வாள். அவர்கள் மொழியில் மூன்றின் வேரும் ‘தா’வில் தொடங்கும், பூசணியின் வேரும் அப்படியே. அடுப்பில் மூன்று காலோடு இரும்புப் பானை நிற்கும்போது மூன்றுக்கு வேறு பெயர் தேடி அலைய வேண்டுமா என்ன?

“அந்தப் பேர்ல ‘தா’ இருக்கு டீச்சர்,” என்றாள் புமேஸா மெதுவாக.

“நானும் மருமகளா இருந்தவதான். என் மாமனார் பேரால ‘ரொட்டி’ன்னு சொல்ல முடியாம நான் பட்ட பாடு. என்ன சமைச்சேன்னு கேட்டா, என் வீட்டுக்காரருக்கு விடுகதை மாதிரிதான் பதில் வரும். ஆனா பிள்ளைங்ககிட்ட பேசறப்ப அதையெல்லாம் மூட்டை கட்டி வெச்சிடுவேன். நீ ஏன் இவகிட்டயும் அதையே பேசறே?”

“மலையில தனி வீடு டீச்சர். ஆம்பளைங்க விடிஞ்சா மாட்டோட போயிடுவாங்க; வீட்டுப் பொம்பளைப் பேச்சுதான் இவளுக்குத் தெரியும்.”

“அதனாலதான் சொல்றேன். இன்னிலேர்ந்து இவகிட்ட ஊர்ப் பேச்சு பேசு. இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் இங்கேயே சின்னப் பிள்ளைங்களோட உட்காரட்டும்.”

“பேச்சை மாத்த முடியாது டீச்சர். ஆனா இவளை நிறுத்தி வெச்சுடாதீங்க. புத்திசாலிப் பிள்ளை.”

“மாமனார்கிட்ட அவ்வளவு பயமா? அவர் காது என்ன, மலையிலேர்ந்து இங்க வரைக்கும் நீளுமா?”

புமேஸாவுக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் நின்ற குழந்தையைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டாள்.

தின்பண்ட மணி அடித்தது. லிதா பாவாடையை விட்டுவிட்டு வெளியே போனாள்.

டீச்சர் ஜன்னலோரம் வந்து நின்றாள். முற்றத்தில் ஆயா ஒரு தட்டை லிதாவிடம் கொடுத்து, மூன்று விரலைக் காட்டி, “ஆளுக்கு இத்தனை ரொட்டித் துண்டு வைம்மா,” என்றாள். லிதா ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் குனிந்து துண்டுகளை வைத்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஒரு பையன் கைக்கு இரண்டுதான் போயிருந்தது. நாலடி தாண்டிப் போனவள் திரும்பி வந்து, இன்னொரு துண்டை அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

கர்த்தர் மூன்றை அந்தச் சின்னத் தலைக்குள் சரியாகத்தான் வைத்திருக்கிறார், நான்தான் அதற்கு எந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று டீச்சருக்குத் தோன்றியது.

“சரி, ஜனவரியில ஒண்ணாம் வகுப்பு தொடங்கறப்ப அனுப்பு,” என்றாள். “நாளைக்கு வகுப்புல எல்லாருக்கும் பானைக்கால்னா என்னன்னு நானே சொல்லித் தர்றேன். சிரிச்சவங்களும் கத்துக்கட்டும். நம்ம ‘மூணு’ அவளுக்குத் தானா வந்துடும். வீட்டுல நீ எப்படி வேணாலும் பேசிக்கோ.”

புமேஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்.”

“இவ்வளவு மரியாதை வாங்கற அந்த மாமனாரைத்தான் ஒரு நாள் பார்க்கணும். பேரை உன்கிட்ட கேட்டுப் பிரயோஜனமில்ல. அக்கம்பக்கத்துல யாரையாவது கேட்டுக்கறேன்.”

“தாம்சாங்கா,” என்றாள் புமேஸா.

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்னடி இது, மாமனார் பேரை இப்படிப் பட்டுன்னு சொல்லிட்டே?”

“அவர் எனக்கு மாமனார் இல்ல டீச்சர், அப்பா. நான் லிதாவோட அத்தை.” புமேஸா ஜன்னல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அவளைப் பெத்தவ, என் அண்ணி, போன குளிர்காலத்துல போய்ச் சேர்ந்துட்டா. சேதி கேட்டு ஓடி வந்து, உன்மேல எனக்கு ரொம்ப அன்புன்னு இவளைக் கட்டிக்கிட்டேன். ‘அன்பு’லயும் அந்த ‘தா’ இருக்கே, பிள்ளைக்குப் புரியல. அதுக்கு இவ அம்மா வெச்சிருந்த பேரை இவகிட்டயே கேட்டுக் கத்துக்கிட்டேன். இப்ப அதை இவகிட்டச் சொல்ல என்னைத் தவிர இந்த உலகத்துல யாருமில்ல.”