கூழைக்கடாவுக்குக் கூடிய கூட்டம்

பன்பரி நகரக் கூடைப்பந்து அணியின் கேப்டன் லாக்லன், ஆட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போடுவதற்காக நாலு பேனாவோடு நின்றார். பிள்ளைகளோ அவரைத் தாண்டி, அணியின் சின்னமான கூழைக்கடாப் பறவை வேஷம் போட்டவரைக் கட்டிப்பிடிக்க ஓடினார்கள். அவர் மகளும்தான்.

வீட்டுக்கு வந்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"அந்தப் பறவைக்குள்ள இருக்கறவன் யாரு, பிரான்வின்? கேட்டா ரகசியம்கறாங்க! அடுத்த சீசனுக்கு நான் வேணும்னா அவன் வெளிய போகணும். நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லப்போறேன்."

"சொல்லாத, லாக்கி."

"அவன்மேல உனக்கென்ன அவ்வளவு அக்கறை?"

மனைவி தன் பையிலிருந்து இரண்டு பெரிய மஞ்சள் பறவைக் கால்களை எடுத்து வாஷிங் மெஷினில் போட்டாள்.

"எனக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டாச்சு. உன்ன வெச்சுக்கலாமான்னுதான் இன்னும் யோசிக்கறாங்களாம்."